பனி நாளில் மட்டும் இழுக்காத கார்

ஜெலுத்தோங், பினாங்கு
தைப்பூசத்துக்கு அடுத்த ஞாயிறு

அன்பு மகள் ரூபினிக்கு அம்மா தனலெட்சுமி எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் தம்பி தனேஷும் வெயிலில் வெந்துகொண்டு சுகமாக இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் பனியில் விறைத்துக்கொண்டாவது சுகமாக இருக்கத் தண்ணீர்மலை முருகன் துணை நிற்கட்டும். போனில் பேசினால் நீ சரிம்மா சரிம்மா என்று சொல்லி வைத்துவிடுகிறாய், நான் சொன்னதில் பாதி உன் காதில் ஏறவில்லை என்று எனக்குத் தெரியும், அதனால்தான் தாளும் பேனாவும் எடுத்தேன். எழுதி முடித்ததும் தனேஷ் இதைப் படம் பிடித்து உன் போனுக்கு அனுப்புவான், தாள் பின்னால் மிளகாய்த்தூளோடு பார்சலில் வரும். தூள் வரட்டும் என்று காத்திருக்காமல் படத்தைப் பார்த்து நான் சொல்கிறபடி செய்.

தைப்பூசம் நன்றாக நடந்தது. இந்த வருஷம் அப்பா பால்குடம் எடுத்தார். மூட்டு வலி இருக்கிறதே, அத்தனை படி ஏற முடியுமா என்று நானும் தனேஷும் மாறி மாறிச் சொல்லிப் பார்த்தோம், காதில் போட்டுக்கொள்ளவில்லை. எதற்கு வேண்டுதல் என்று கேட்டால் வேண்டுதலை வெளியில் சொன்னால் பலிக்காது என்று வாயைக் கட்டிக்கொண்டார். மேலே போய்ச் சேர்ந்தபோது முகம் சின்னப் பிள்ளை முகமாக ஆகிவிட்டது, அதைப் பார்த்த பிறகு நானும் திட்டவில்லை. கீழ் வீட்டு நூர் பீவி அக்கா வழக்கம்போலத் தண்ணீர்ப் பந்தலுக்கு ஒரு பெட்டி பானம் வாங்கிக் கொடுத்தார், உன்னை விசாரித்தார், ரூபினி இன்னும் அந்தப் பெரிய குளிர்ச்சட்டையைப் போட்டுக்கொண்டு கரடி போலத்தான் நடக்கிறாளா என்று சிரித்தார். பாகான் டாலாமில் இருக்கிற சித்தி மகளுக்கு ஆனியில் கல்யாணம், பத்திரிகை உனக்கும் வரும், வர முடியாது என்று முன்கூட்டியே எழுதிவிடாதே, சும்மா இருந்துவிடு.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நீ புதன்கிழமை அனுப்பிய சேதியை நான் நாலைந்து தரம் படித்தேன். ஊருக்குள் ஓட்டும்போது கார் நன்றாக இருக்கிறது, ஹைவேயில் பனி கொட்டும்போது வேகம் எடுக்கலாம் என்று எண்ணெய்ப் பெடலை மிதித்தால் மட்டும் இழுக்க மாட்டேன் என்கிறது, பின்னால் வந்த லாரிக்காரன் ஹார்ன் அடித்துக்கொண்டே பிரேக் பிடித்தான், நீ ஓரத்தில் நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தாய், இந்தக் குளிருக்கு இது மூன்றாவது தடவை என்று எழுதியிருந்தாய். படித்ததும் எனக்கு அழுகை வந்தது, மறைக்கவில்லை. ஆனால் அடுத்து நீ எழுதியிருந்ததைப் படித்ததும் அழுகை போய்க் கோபம் வந்துவிட்டது. இனிமேல் பனி கரையும்வரை ஓட்டப் போவதில்லை, அதனால் ஒரு மணி நேரம் தள்ளியிருக்கிற ஊரில் ஆஸ்பத்திரிக்காரர்கள் கொடுக்கிற நிரந்தர வேலை வேண்டாம் என்று சொல்லிவிடப் போகிறேன், வரும் வெள்ளிக்குள் பதில் கேட்டிருக்கிறார்கள் என்கிறாய். அந்த நர்ஸ் லைசென்ஸை வாங்க நீ கடை கடையாக நின்று வேலை பார்த்துக்கொண்டு படித்தாய், பரீட்சைக்கு முதல் நாள் போனில் என்னிடம் அழுதாய். இப்போது ஒரு கார் இழுக்கவில்லை என்பதற்காக அதை விட்டுக் கொடுப்பதா? காரை விற்றுவிடலாம் என்று மாப்பிள்ளை சொன்னாராம். மாப்பிள்ளை நல்லவர், சமையலில் என்னையே மிஞ்சுவார், ஆனால் கார் விஷயத்தில் அவர் பேச்சைக் கேட்காதே. தலைவலி வந்தால் தைலம் தேய்க்க வேண்டும், தலையை விற்கக் கூடாது.

நான் பிறை ஊரில் அந்தத் தொழிற்சாலையில் ரிட்டையர் ஆகும்வரை காற்றழுத்த எந்திரங்களைத்தானே பார்த்துக்கொண்டிருந்தேன். உன் காரில் இருக்கிற டர்போ என்பது அதே சாமான்தான், உருவம் மட்டும் சின்னது. வெளியே இருக்கிற காற்றை இழுத்து, அமுக்கி, என்ஜினுக்குள் திணிக்கிறது, அதனால்தான் சின்ன என்ஜின் பெரிய என்ஜின் வேலையைச் செய்கிறது. காற்று குறைந்தால் இழுவை குறையும், இதில் மாயமும் இல்லை மந்திரமும் இல்லை. இன்னொன்றையும் தெரிந்துகொள். குளிர்ந்த காற்று டர்போவுக்கு விருந்து மாதிரி. நம் ஊர் வெயிலில் என் கார் இழுப்பதைவிட உன் ஊர்க் குளிரில் உன் கார் நன்றாக இழுக்க வேண்டும். ஆகவே குளிர் நாட்டில் இப்படித்தான் என்று யாராவது சொன்னால் தலையாட்டாதே. காலையில் எடுத்த முதல் சில நிமிஷம் மட்டும் கார் சோம்பலாக இருக்கும், என்ஜின் எண்ணெய் சூடாகும்வரை கம்ப்யூட்டரே டர்போவை அடக்கி வைத்திருக்கும், அது கோளாறு இல்லை. உனக்கு நடப்பது அதுவும் இல்லை, ஏனென்றால் நீ வீட்டை விட்டுக் கிளம்பி நன்றாக ஓடிய பிறகுதான் அது மக்கர் செய்கிறது.

முதலில் ரப்பர் குழாய்களைத்தான் சந்தேகப்பட்டேன். குளிரில் ரப்பர் விறைத்துப் போகும், பிடித்திருக்கிற வளையம் தளரும், அமுக்கிய காற்று அங்கே கசிந்துவிடும். அப்படியென்றால் கார் சில்லென்று இருக்கும்போது மோசமாகவும் சூடேறினால் சரியாகவும் இருக்க வேண்டும், சீறுகிற சத்தமும் கேட்க வேண்டும். உனக்கு எல்லாம் தலைகீழ், சத்தமும் இல்லை என்றாய். அடுத்தது இன்டர்கூலர். அமுக்கிய காற்றை ஆற வைக்கிற அந்தப் பெட்டியில் தண்ணீர் சேரும், எங்கள் தொழிற்சாலையில் தினமும் குழாயைத் திறந்து அந்தத் தண்ணீரை வடித்துவிடுவோம், உன் ஊரில் அது உறைந்து வழியை அடைக்கலாம். பிறையில் வொர்க்‌ஷாப் வைத்திருக்கிற கோகிலனிடம் கேட்டேன், அவரும் அதைத்தான் சொன்னார், அல்லது காற்றழுத்தம் அளக்கிற சென்சாரில் பனி பிடித்திருக்கும் என்றார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. உன்னிடம் நான் கேட்ட கேள்வி நினைவிருக்கிறதா, பனி கொட்டாமல் வெறும் குளிர் மட்டும் இருக்கிற நாளில் எப்படி என்று? எவ்வளவு கடுங்குளிரானாலும் வானம் தெளிவாக இருந்தால் கார் பறக்கிறது என்றாய். இன்டர்கூலர் உறைவதென்றால் அந்தக் கடுங்குளிரில் அல்லவா முதலில் உறைய வேண்டும்? அப்போதே எனக்குப் பாதி வெளிச்சம் வந்துவிட்டது. குளிர் குற்றவாளி இல்லை. ஈரம் வேண்டும், வேகம் வேண்டும், இரண்டும் சேர்ந்தால்தான் உன் காருக்கு மூச்சு முட்டுகிறது.

உன் பட்டறைக்காரர் இரண்டு தடவை கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்துவிட்டுக் காற்று போதவில்லை என்று காட்டுகிறது, ஆனால் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்றாராம். ஏர் ஃபில்டரைத் திறந்து பார்த்தாராம், காய்ந்து சுத்தமாக இருந்ததாம். அவர் அதை நல்ல சேதியாகச் சொல்லியிருக்கிறார். எனக்கு அதுதான் துப்பு. பனி கொட்டுகிற ஹைவேயில் வேகமாகப் போகிற கார் கொஞ்சமாவது பனித்தூளை உள்ளே இழுக்கும், ஃபில்டர் நனைந்திருக்க வேண்டும். அது காய்ந்திருக்கிறது என்றால் பனியும் போகவில்லை, காற்றும் போகவில்லை. ஃபில்டருக்கு முன்னாலேயே ஏதோ ஒன்று கை வைத்து மூடுகிறது. ஆகவே ரூபி, பானெட்டைத் திற. முன் பக்கம், ரேடியேட்டருக்கு மேலே, கிரில்லுக்குப் பின்னால் தட்டையாக ஒரு பிளாஸ்டிக் வாய் தெரியும், காற்று உள்ளே போவது அங்கேதான். ஆயுத பூசைக்கு நாங்கள் வந்திருந்தபோது நான் அப்பாவுக்குக் காட்டினேனே, இதுதான் காருக்கு மூக்கு, உயிரே இது வழியாகத்தான் போகிறது என்று, அதே இடம். அங்கே ஒரு காய்ந்த இலையோ, பிளாஸ்டிக் பையோ, எலி கட்டிய கூடோ இருக்கும், என் வார்த்தையை எழுதி வைத்துக்கொள்.

இந்த இடம்வரை எழுதிவிட்டு வழக்கம்போல அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். நாற்காலியில் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தவர் மூக்கு என்ற வார்த்தை வந்ததும் கண்ணைத் திறந்தார். அந்த வரியை இன்னொரு தரம் வாசி என்றார். வாசித்தேன். எழுந்து பால்கனிக்குப் போய் நின்றுகொண்டார். சுருதி மாறிவிட்டதே என்று நானும் பின்னால் போனேன். அங்கிருந்தே மெதுவாகச் சொன்னார், "நான் அங்கதான் தனம் முடிப்பு கட்டிட்டு வந்தேன்." எனக்கு முதலில் புரியவில்லை. அப்புறம் ஒவ்வொன்றாக வந்தது. நாம் ஆயுத பூசை அன்று உன் காருக்குச் சந்தனப் பொட்டு வைத்து எலுமிச்சம்பழம் நசுக்கினோமே, அன்று விடியற்காலையில் நாம் எல்லாரும் எழுவதற்கு முன்னால் இவர் தனியாகப் போய் பானெட்டைத் திறந்து, மஞ்சள் துணியில் ஒரு வெள்ளிக் காசும் விபூதியும் வைத்து முடிந்து, கிரில் கம்பியில் அந்த மூக்குக்கு நேராகக் கட்டியிருக்கிறார். சும்மா ஒரு சிட்டிகைத் துணி இல்லை, தன் பூசைத் துண்டிலேயே பெரிதாகக் கிழித்தது, முனை தொங்கத் தொங்க. உன்னிடம் சொன்னால் சிரிப்பாய் என்று சொல்லவில்லையாம். ஏன் அங்கே போய்க் கட்டினீர்கள் என்றதற்கு, நீதானே உயிர் போகிற வழி என்று சொன்னாய், காவல் அங்கேதானே இருக்க வேண்டும் என்கிறார். வாழ்நாளெல்லாம் மோட்டார் சைக்கிளைத் தாண்டாத மனுஷனுக்குக் கார் பாடம் எடுத்தால் இப்படித்தான் பலன் கிடைக்கும். நான் சிரித்தேன், அவர் சிரிக்கவில்லை.

சிரிக்காததற்குக் காரணம் இருக்கிறது. நீ அந்தப் பனி ரோட்டில் தனியாகக் காரோட்டி ஒவ்வொரு நாளும் நல்லபடியாக வீடு வந்து சேர வேண்டும் என்று வேண்டிக் கட்டியது அது. இந்தப் பனிக்காலம் முடிகிறவரை அவிழ்க்கக் கூடாது. உனக்குத் தெரியுமே, முடிப்பை இடையில் அவிழ்ப்பது சாமியிடம் கொடுத்த வாக்கைத் திரும்பப் பிடுங்குவது மாதிரி. பால்குடம் எடுத்ததும் இதற்காகத்தானாம். மூன்று தடவையும் உனக்கு ஒன்றும் ஆகவில்லை, லாரியும் உன்மேல் ஏறாமல் நின்றதே, அது எதனால் என்று நினைக்கிறாய் என்று என்னைக் கேட்டார். லாரிக்காரன் பிரேக் பிடித்தது முடிப்பால் என்று அவர் நம்புகிறார், லாரிக்காரன் பிரேக் பிடிக்க வேண்டி வந்ததே முடிப்பால்தான் என்று நான் சொல்கிறேன். இரண்டு பேரும் குரலை உயர்த்திக்கொண்டோம், தனேஷ் அறைக்கதவைச் சாத்திக்கொண்டான். கடைசியில் அவர் குடையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். சாப்பாட்டு வேளை, சாப்பிடவும் இல்லை.

அவர் போன பிறகு நான் உட்கார்ந்து எல்லாவற்றையும் பொருத்திப் பார்த்தேன், ஒன்றுகூடப் பிசகவில்லை. போன வருஷக் குளிரில் இதே கார் உனக்கு ஒரு தொந்தரவும் கொடுக்கவில்லை. நாங்கள் ஊருக்குக் கிளம்பிய மறு வாரம் மழையில் கார் கொஞ்சம் மந்தமாக இருந்தது என்று நீ சொன்னாய், நாம் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. காய்ந்த துணி வழியாகக் காற்று நுழைந்துவிடும், நனைந்த துணி அந்த வாயில் போய் ஒட்டிக்கொள்ளும், உறைந்துவிட்டால் பலகைதான். ஊருக்குள் மெதுவாகப் போகும்போது கொஞ்சம் காற்றே போதும், தெரியாது. ஹைவேயில் நீ மிதிக்கும்போது டர்போ பலமாக உறிஞ்சும், உறிஞ்ச உறிஞ்சத் துணி இன்னும் இறுகும். பட்டறை உள்ளே கதகதவென்று இருக்கும், அங்கே போனதும் உருகித் தொங்கிவிடும், கார் சாதுவாகிவிடும். இன்னொன்று நினைவு வருகிறதா? அந்தப் பட்டறைக்காரர் உங்கள் சாமிப் பொருளை நான் தொடவில்லை, இருந்த இடத்திலேயே இருக்கிறது என்று சொன்னார், எவ்வளவு மரியாதையான மனுஷர் பாரும்மா என்று நீ என்னிடம் மெச்சிக்கொண்டாய். நீயும் நானும் டாஷ்போர்டில் இருக்கிற பிள்ளையாரைச் சொல்கிறார் என்று நினைத்தோம். அவர் பானெட்டுக்குள் இந்த மஞ்சள் துணியைப் பார்த்துக் கும்பிடாத குறையாக ஒதுங்கியிருக்கிறார். பாவம், அவர் மரியாதையும் உன் அப்பா பக்தியும் சேர்ந்து உன்னை ரோட்டோரத்தில் நிறுத்திவிட்டன.

உடனே உன்னைக் கூப்பிடத்தான் போனைக் கையில் எடுத்தேன். அங்கே உனக்கு நள்ளிரவு, கார் எங்கும் ஓடிவிடப் போவதில்லை என்று வைத்துவிட்டேன். உண்மையைச் சொன்னால் அது மட்டும் காரணம் இல்லை. அவர் இல்லாத நேரத்தில் அவர் கட்டியதை அவிழ்க்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வேண்டாம் என்று அவர் சொல்லியிருந்தாலும் அவிழ்க்கத்தான் சொல்லியிருப்பேன், அதில் உனக்குச் சந்தேகம் வேண்டாம், ஆனால் அவர் வாயால் வந்தால் நல்லது என்று காத்திருந்தேன்.

வெயில் சாய்கிற நேரத்துக்கு வந்து சேர்ந்தார். சட்டையெல்லாம் வியர்வை, நெற்றி நிறைய விபூதி, பஸ் பிடித்துத் தண்ணீர்மலைக்குப் போய் அந்த மூட்டு வலியோடு மறுபடியும் படி ஏறியிருக்கிறார். தண்ணீர் கொடுத்தேன், குடித்தார். பிறகு என் பக்கம் பார்க்காமல், "அவுக்கச் சொல்லு தனம். முருகன்கிட்ட நான் பேசிட்டேன். புள்ளைக்குக் காவலா கட்டுனது, மூச்ச அடைக்க இல்ல" என்றார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் ஒரு வேண்டுதலை விட்டுக் கொடுத்து நான் பார்த்ததில்லை ரூபி. எனக்கு அவர்மேல் இருந்த கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. சோறு போட்டேன், மீன் சம்பல் இன்னும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

இனி நீ செய்ய வேண்டியது. துணி உறைந்து ஒட்டியிருந்தால் பிடித்து இழுக்காதே, குளிரில் அந்தப் பிளாஸ்டிக் அப்பளமாக உடையும். சுடுதண்ணீரும் ஊற்றாதே, அது ஓடிப் போய் வேறு எங்கேயாவது உறையும். மாப்பிள்ளையை நீ இப்போது வேலை பார்க்கிற ஆஸ்பத்திரியின் கதகதப்பான கீழ்த்தளத்து நிறுத்துமிடத்துக்குக் காரைக் கொண்டு போகச் சொல், ஒரு ஷிப்டு அங்கேயே நிற்கட்டும், தானாக இளகிவிடும். என்ஜினை நிறுத்திவிட்டு, ஆறிய பிறகு கையை விடு. அவிழ்த்ததும் அந்த வாய்க்குள் விரலை விட்டு நூல், விபூதிக் கட்டி எதுவும் தங்கியிருக்கிறதா பார். பிறகு பனி கொட்டுகிற ஒரு நாளில், ஆமாம், கொட்டுகிற நாளில்தான், மாப்பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு அதே ஹைவேக்குப் போ. லாரி இல்லாத நேரமாகப் பார்த்து எண்ணெயை நன்றாக மிதி. இழுக்கும். ஒருவேளை இழுக்கவில்லை என்றால் நான் சொன்ன இன்டர்கூலரையும் சென்சாரையும் பார்க்கச் சொல்லலாம், ஆனால் அதற்கு வேலை இருக்காது. பட்டறைக்காரரிடம் போய் விஷயத்தைச் சொல், அவரைக் குறை சொல்வதாக இருக்கக் கூடாது, நன்றியாக இருக்கட்டும், அடுத்த தமிழ்ப்பிள்ளை கார் கொண்டு வந்தால் அவர் கேட்டுக்கொள்வார்.

இழுத்தது என்றால் வீட்டுக்கு வந்து காலில் இருக்கிற சப்பாத்தைக் கழற்றுவதற்கு முன்னால் அந்த வெளியூர் ஆஸ்பத்திரிக்குச் சரி என்று எழுதி அனுப்பு. வெள்ளிவரை இழுக்காதே. உனக்குப் பயம் வந்ததில் தப்பு இல்லை, பின்னால் லாரி வந்தால் எனக்கும் வரும். ஆனால் உன் ஓட்டத்தில் ஒரு பிழையும் இல்லை, அதை மட்டும் மனசில் வை, நீ ஓரம் கட்டி நிறுத்திய விதம் எந்த டிரைவருக்கும் குறைந்தது இல்லை. பெட்ரோலைப் பாதிக்குக் கீழே இறங்க விடாதே, பின் சீட்டில் ஒரு கம்பளியும் பிஸ்கட்டும் வை, தலைக்குக் குல்லா போடு. பிள்ளையாரை டாஷ்போர்டிலேயே விட்டுவிடு, அவர் எதையும் அடைக்கவில்லை. நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல், வேலையில் பேரெடுத்து, ஒருவருக்கொருவர் துணையாக நீடூழி வாழ அம்மாவின் ஆசீர்வாதம். மிளகாய்த்தூள் வந்ததும் காற்றுப் புகாத டப்பாவில் கொட்டி வை, மறந்துவிடாதே.

உன் அம்மா,
ப. தனலெட்சுமி

கீழே அப்பா எழுத வேண்டுமாம், பேனாவைப் பிடுங்கிவிட்டார்.

ரூபி, கத்தரிக்கோல் வைக்காதே, கையால் அவிழ். அவிழ்த்ததைத் தூக்கிப் போட்டுவிடாதே, தபாலிலும் அனுப்பாதே. அதை நீயே கொண்டுவந்து உன் கையால் தண்ணீர்மலை உண்டியலில் போடுவாய் என்று சாமியிடம் இன்றைக்குச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். எப்போது என்று நான் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை. நீ தைரியமாக ஓட்டு. அப்பா.